பார்க்க மட்டும் வந்தவர்

ஸ்டோர் ஐயா மடக்கு ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைகிறார் என்றால், அந்தத் தெருவில் யாருக்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். காலாக இருக்கலாம், கூரையாக இருக்கலாம், நிச்சயம் பண்ணிய கல்யாணமாகவும் இருக்கலாம். அவர் தலையைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு. தங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாரே என்று வாரக்கணக்கில் முறுக்கிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. அவர் காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் யாராவது வழுக்கி விழுந்தால், தூக்கிவிடக் கை நீட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்கிறார்கள். என்ன செய்ய.

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் கெஸ்ட் ஹவுஸில் எனக்கு ரிசப்ஷன் வேலை கிடைத்தது. நான் கன்னிவாடியில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு லாரி ஓட்டினார். விருந்தாளிகளுக்குச் சாவி கொடுப்பது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது, வராதபோது ஏன் வரவில்லை என்று சொல்வது, இவைதான் என் சோலி. அதே கட்டிடத்தின் பின்பக்கம், அரிசி மூட்டையும் கம்பளியும் சோப்புப் பெட்டியும் மண்ணெண்ணெய் டின்னும் அடுக்கியிருந்த நீள அறைக்கு ஐயா பொறுப்பு. அங்கேயே ஒரு மூலையில் கட்டில் போட்டுக் குடியிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒற்றைக்கட்டை. நல்ல உயரம். எந்த மாதமானாலும் ஒரே பச்சை ஸ்வெட்டர். அதில் நாலு பொத்தான், நாலும் வேறு வேறு நிறம்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள், சாரலில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தேன். கணுக்காலுக்குள் ஏதோ சொடுக்கென்றது. சமையல்காரர் எண்ணெய் எடுக்க ஓடினார். தோட்டக்காரர் என் வீட்டுக்காரரைத் தேடி ஓடினார். ஐயா மட்டும் ஓடவில்லை. நிதானமாக வந்து, ஸ்டூலை விரித்து, எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எந்தக் காலு?"

"வலதுங்க."

"ஊனிப் பாத்தியா?"

"ஊன முடியலைங்கய்யா."

"வீங்குதா?"

"இப்பத்தான் வீங்க ஆரம்பிக்குதுங்க."

"நாளைக்கு இதவிட வீங்கும்" என்றார், மழை வரும் என்று சொல்கிற மாதிரி. அப்புறம் என் காலைக் கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் பார்த்தார். பார்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எனக்கு ரெண்டு காலும் நல்லாக் கெடக்கு" என்றார். ஸ்வெட்டர் பைக்குள்ளிருந்து இரண்டு மலைவாழைப் பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, ஸ்டூலை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கால்வலி மறந்துபோயிற்று. "இந்த ஆளுக்கு மண்டையில கோளாறா?" என்று சமையல்காரரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. அவரு பாக்கத்தான் வருவாரு" என்றார் அவர், எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே. "ஒனக்கு இருந்தது ரெண்டு பழக் கஷ்டம். என் மச்சினனுக்குக் கொடல் எறக்கத்துல ஒரு சீப்பே வச்சுட்டுப் போனாரு."

கால் சரியான பிறகு, துண்டும் சோப்பும் வாங்க ஸ்டோருக்குப் போனபோது அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் இதுவரை கேட்கவில்லையே என்பது போல உற்சாகமாகிவிட்டார்.

"காலையில கண்ணு முழிச்சதும் என் மனசு என்ன செய்யுது தெரியுமா தாயி? இல்லாததையெல்லாம் எண்ணிக்கிட்டுக் கெடக்கு. வீடு இல்ல, வாசல் இல்ல, ஒரு நாதி இல்ல. எண்ணி முடிக்கிறதுக்குள்ள காப்பி ஆறிப்போகுது. ஞாயித்துக்கிழமை கோயிலு முடிஞ்சு ஒருத்தரப் போய்ப் பாத்துட்டு வந்தேன்னு வையி, சனிக்கிழமை வரைக்கும் தாங்கும். உன் காலு எனக்குப் புதன்கிழமை வரைக்கும் வந்துச்சு."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் அவரோடு பழகுவதில் இருந்த சிரமம்.

அவர் பார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். எப்போது விழுந்தது, எந்தப் பக்கம், இப்போது எப்படி இருக்கிறது, ராத்திரி தூக்கம் உண்டா. இப்படிக் கேட்கும்போதே அவர் கைகள் பாட்டுக்கு ஏதாவது செய்துகொண்டிருக்கும். கூரை பறந்த வீட்டில் கதை கேட்டபடியே பிடுங்கிப்போன ஆணிகளை நிமிர்த்துவார். படுக்கையில் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஈர விறகைப் பிளந்து காயப்போடுவார். அந்த வீட்டுப் பெண் வந்து, "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டால் மட்டும் கெட்ட கோபம் வரும்.

"நான் ஒத்தாசைக்கு வரலம்மா. பாக்கத்தான் வந்தேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதுக்கு நான் என்ன பண்ண? நன்றி சொல்றது என் வேலை. அத நீங்க எடுத்துக்காதீங்க."

ஒரு ஐப்பசியில் பேய்க்காற்று அடித்து மலை முழுக்கக் கூரைகளைப் பிய்த்து எறிந்தது. நிவாரணத்துக்கு மனுப் போட வேண்டும் என்று சனங்கள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்த மனு எழுத்தர் முன்னால் குவிந்தார்கள். அவர் நல்ல கை. யாருக்கு மனு எழுதினாலும் படிக்கிறவர் கண்ணில் நீர் வர வேண்டும் என்று நினைக்கிறவர். அந்தச் சமயத்தில்தான் ஒரு மனுவில், வேறு எதுவும் எழுதத் தோன்றாமல், கடைசி வரியாக இப்படிச் சேர்த்தார்: 'மேற்படி என் வீட்டை ஸ்டோர் ஐயா அவர்கள் நேரில் வந்து, ஸ்டூல் போட்டு, ஒரு மணி நேரம் பார்த்துச் சென்றுள்ளார் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அந்த மனு போட்டவருக்குக் கூரைத் தகரம் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் கிடைத்த மாதிரிதான் அவருக்கும் கிடைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் சனங்கள் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் வெள்ளனே ஸ்டோர் வாசலில் முப்பது பேர் நின்றார்கள்.

"ஐயா, எங்க வீட்டையும் ஒருக்கா பாத்துருங்க."

"வெரசா வாங்கய்யா, மழை நிக்கிறதுக்குள்ள பாத்தாத்தான் ஒழுகுறது தெரியும்."

ஐயா திணறிப்போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவர் என்று இருபது வருடமாகப் பார்த்து வந்தவருக்கு ஒரே காலையில் முப்பது கஷ்டம் கிடைத்தால் என்ன செய்வார்? ஆனாலும் போனார். நானும் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், மறைக்கவில்லை. கஷ்டத்தை எடைபோடுவதில் அவர் எவ்வளவு கறாரானவர் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒரு வீட்டில் காற்று போட்ட ஓட்டை என்று சுவரைக் காட்டினார்கள். ஐயா கிட்டப் போய்ப் பார்த்தார். "இது ஓட்டை இல்லப்பா. இது ஜன்னல்."

இன்னொரு வீட்டில் தகரம் முழுக்கத் தரையில் கிடந்தது. ஐயா சுற்றிலும் பார்த்தார். மாடத்தில் இருந்த டப்பாவை எடுத்து ஆட்டினார். "காத்து வந்து ஆணியக் கழட்டி டப்பாவுல போட்டு மூடியும் வச்சுட்டுப் போயிருக்கு. நல்ல காத்துதான்." அந்த வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவரைத் திட்டக்கூட இல்லை ஐயா. ஏணியைச் சாய்த்து, தகரத்தைத் திரும்ப ஏற்றி, அதே ஆணிகளை அடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மனு எழுத்தர் விடவில்லை. பார்த்ததற்கு எழுத்தில் ஒரு அத்தாட்சி வேண்டும் என்றார். ஐயாவுக்கு அத்தாட்சி எழுதத் தெரியாது. வந்தவர்கள் நீட்டிய தாளில், மனதில் பட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'பார்த்தேன். ஸ்தோத்திரம்.' அவ்வளவுதான். மனு எழுத்தர் அதை ஊசி போட்டுக் கோத்து, மனுவின் அடியில் எழுதினார்: 'இணைப்பு: ஸ்தோத்திரம் ஒன்று.'

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, பாக்கியத்தைப் பார்க்கிற வரைக்கும்.

பாக்கியம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டு வந்தவள். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷனுக்கு மரம் அறுக்கிற இடத்தில் வலது கை போய்விட்டது. இரண்டு பெண்பிள்ளைகளோடு, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஐயா அங்கே தொடர்ந்து மூன்று மாதம் போனார். வேறு யார் வீட்டுக்கும் இப்படிப் போனதில்லை. "ஒவ்வொரு வாட்டியும் புதுசா ஒண்ணு இருக்கு தாயி" என்றார். அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நானும் போனேன்.

கொட்டகைக்குள் கால் வைத்ததும் ஈரம் ஏறியது. சின்னவள் இருமிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், என் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இருப்பது ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் இருப்பது ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் வெந்நீர் குடித்த மாதிரி ஒரு இதம். உடனே என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து ஐயாவிடம் சொன்னேன்.

"வந்துச்சா?" என்றார். தபால்தலை சேகரிக்கிறவர் இன்னொரு தபால்தலைக்காரரைக் கண்டதுபோல முகம் மலர்ந்துவிட்டது. "கொஞ்ச நேரந்தான் இருக்கும். இருக்கும்போதே குடத்த எடு. ஊத்து அரை மைல்ல இருக்கு." ஆளுக்கு இரண்டு நடை தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினோம். இரண்டாவது நடையில் இதமும் போய்விட்டது, அருவருப்பும் போய்விட்டது. தோள்வலி மட்டும் இருந்தது.

கிளம்பும்போது பாக்கியம் வாசலில் நின்று மறித்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கிறன். எங்களப் பார்த்துத்தான் ஒங்களுக்குச் சாமி நெனப்பு வருது, சரி. வந்து பார்த்திட்டு நீங்க நிம்மதியாப் போறீங்க. அப்ப எங்களுக்கு நிம்மதி வர நாங்க யாரப் போய்ப் பார்க்கிறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐயா குனியவில்லை. அப்படியே நின்று யோசித்தார். வழியெல்லாம் யோசித்தார். "கேட்டது நாயமான கேள்வி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் செய்த காரியத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பஸ் ஏறி வடகவுஞ்சிக்குப் போய், சின்னச்சாமி என்ற விவசாயியைக் கையோடு கூட்டிவந்தார். சின்னச்சாமியின் பீன்ஸ் தோட்டத்தைக் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று மிதித்துத் துவைத்திருந்தது. போதாததற்கு மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஐயா அவரைப் பாக்கியத்தின் கொட்டகைக்குள் கொண்டுபோய், தன் ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"பாக்கியம், உனக்குப் பாக்க ஆளு கொண்டாந்திருக்கேன். நல்லாப் பாரு. என்ன வேணும்னாலும் கேளு, சொல்லுவாரு."

சின்னச்சாமிக்கு எதற்காக வந்தோம் என்றே தெரியவில்லை. விசேஷ வீடு என்று சொல்லிக் கூட்டிவந்திருப்பார்போல, வேட்டி சட்டையெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஆனாலும் கேட்டதும் தன் கதையைச் சொன்னார். பாக்கியம் பொறுமையாகக் கேட்டாள்.

"பீன்ஸுதானே போச்சு?"

"பீன்ஸுதானேவா? ஒரு வருசப் பாடும்மா அது."

"நாங்க ஒரு நாட்டையே விட்டிட்டு வந்தம். மூணு தலமுறை வேல செஞ்ச எடம்."

"நீங்க நாட்டத்தானே விட்டுட்டு வந்தீங்க, புருஷன் கூட இருக்காருல்ல. எனக்குச் சோறாக்க ஆளு இல்ல, தெரியுமா?"

"சோறாக்கக் கை இல்லியா ஒங்களுக்கு? இவருக்கு ஒரு கைதான் இருக்கு, காலயில ரொட்டி சுட்டாரு."

பாக்கியத்தின் புருஷன் மூலையிலிருந்து இடது கையைத் தூக்கிக் காட்டினார். சின்னச்சாமி கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். அப்புறம் விஷயம் எப்படியோ எருவுக்குப் போய், காட்டுமாட்டுக்கு வேலி கட்டுவதற்குப் போய், காப்பிச் செடிக்கு வந்து நின்றது. காப்பித் தோட்டத்தில் பழம் பழுத்துக் கிடக்கிறது, பறிக்க ஆள் இல்லை என்றார் சின்னச்சாமி.

"ஏழு வயசில இருந்து கொழுந்து எடுத்த கை இது" என்றாள் பாக்கியம். "காப்பிப் பழம் என்ன பெரிய வேலயா?"

பத்து நாளில் அந்தக் குடும்பம் வடகவுஞ்சிக்குக் குடிபோயிற்று. சின்னச்சாமியின் மனைவியும் திரும்பி வந்துவிட்டாள். தோட்டத்தில் யாரோ ஒரு பெண் நடமாடுகிறாளாம் என்று கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள் என்பது என் அனுமானம். நாங்கள் எல்லாரும் ஐயாவைப் பாராட்டினோம். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. மூன்று மாதமாகப் பார்த்து வந்த இடம் போய்விட்டதே.

"நான் காட்டத்தான் கூட்டியாந்தேன்" என்றார் கசப்பாக. "ரெண்டு பேருமே தப்பிச்சுட்டாங்க."

அந்த வருடம் சீசன் பிரமாதமாக இருந்தது. சித்திரையும் வைகாசியும் ஏரியைச் சுற்றி ஆள் நடக்க இடம் இல்லை. குதிரைக்காரரிலிருந்து சோளம் சுடுகிறவர் வரைக்கும் எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஐயாதான் வாடிப்போனார். காலையில் என் மேசைக்கு வந்து, "யாருக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று விசாரிப்பார். "எட்டாம் நம்பர் ரூம்ல ஒரு அம்மாவுக்கு மூக்கடைப்புங்கய்யா" என்பேன். "அதெல்லாம் பத்தாது தாயி" என்று போய்விடுவார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பழனிக்கு பஸ் ஏறிவிட்டார். அடிவாரத்தில் கஷ்டத்துக்குப் பஞ்சமே இருக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அடிவாரத்துப் படிக்கட்டுப் பக்கத்தில் இரண்டு கண்ணும் தெரியாத ஒருவர் விபூதிப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தாராம். ஐயா அவர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். அவரும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

"கொடைக்கானலு."

"அங்க குளிரா இருக்குமே."

"இருக்கும்."

"வீட்ல எத்தன பேரு?"

"வீடு இல்ல. ஸ்டோர் ரூம்ல, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல கட்டில் போட்டிருக்கேன்."

"சம்சாரம்?"

"கல்யாணம் ஆகல."

"அண்ணன் தம்பி?"

"ஒரு அக்கா இருந்துச்சு. போயிருச்சு."

"அப்ப லீவு நாள்ல என்ன செய்வீங்க?"

"கஷ்டப்படுறவங்கள உக்காந்து பாப்பேன். இன்னைக்கு மலையில யாரும் அகப்படல. அதான் பஸ் ஏறி வந்தேன்."

அதைக் கேட்டதும் கண் தெரியாதவர் இரண்டு கையையும் மலையைப் பார்க்கத் தூக்கி, "முருகா, எனக்கு நீ ஒரு கொறையும் வைக்கலப்பா" என்று உருகியிருக்கிறார். தடவித் தடவி ஐயாவின் கையைப் பிடித்து, ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை அதில் வைத்து, "தெம்பா இருங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லியிருக்கிறார்.

"என்னயப் பாத்து ஸ்தோத்திரம் சொல்லிட்டாரு தாயி" என்றார் ஐயா. டப்பாவை மேசை மேல் வைத்தார். பாதி காலியாகியிருந்தது. "என்னயப் பாத்தா பாவமாவா இருக்கு?"

"இல்லைங்கய்யா."

"பொய் சொல்லாத."

நாலு நிறப் பொத்தானைப் பார்த்தேன். "கொஞ்சம் இருக்குங்க."

நான் பயந்தபடி அவர் நொந்துபோகவில்லை. யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அப்ப நானும் யாருக்கோ ஒபயோகமாத்தான் இருக்கேன்" என்றார். மீதிப் பஞ்சாமிர்தத்தை நாங்கள் இரண்டு பேரும் டம்ளர் மூடியில் போட்டுச் சாப்பிட்டோம்.

இதற்கு அடுத்த வருடம் நான் உண்டாகியிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. எட்டாம் மாதம் வரைக்கும் வேலைக்குப் போனேன். ஒரு நாள் காலையில் வயிற்றுக்குள் அசைவு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிறந்தது பெண். அழவில்லை. என் கையில் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள், அப்புறம் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் வீட்டுக்காரரிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஸ்டோர் ஐயா வந்தா உள்ள விடாதீங்க. எம் புள்ளைய வச்சு அவரு ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது."

அவர் சரி என்றார். அந்த ஞாயிறு லோடுக்குப் போகாமல் வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். ஐயா வரவில்லை. அடுத்த ஞாயிறும் லோடுக்குப் போகவில்லை. ஐயா அன்றைக்கும் வரவில்லை. கெஸ்ட் ஹவுஸிலிருந்து சமையல்காரர் வந்தார், தோட்டக்காரர் வந்தார், மனு எழுத்தர்கூட வந்தார். வடகவுஞ்சியிலிருந்து பாக்கியம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். ஊரே வந்தது. அவர் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு எனக்குக் கோபம் வந்தது.

"சுளுக்குன காலையெல்லாம் ஸ்டூல் போட்டுப் பாத்தாரு. நம்ம கஷ்டம் அவருக்குப் பத்தலையா?"

"நீதானே விடாதேன்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"விடாதீங்கன்னா வரக் கூடாதா?"

அவர் பாவம், எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"வந்தாராம்ல."

"எங்க வந்தாரு?"

"நம்ம வளைவு வரைக்கும். நெதமும் வந்தாராம். வந்து நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்காரு. ஏன்யான்னு கேட்டேன். 'ஸ்தோத்திரம் வர மாட்டேங்குதுப்பா'ங்குறாரு. 'அது வராம நான் எதுக்கு அங்க வர்றது, எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்'ங்குறாரு."



வியாழக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். ஸ்டூல் கொண்டுவரவில்லை. பழமும் இல்லை. வாசல்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன ஆயிற்று, எப்போது, எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவர் கைகள் சும்மா கிடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து ஸ்வெட்டரில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

அப்புறம், "பசிக்குது தாயி" என்றார்.

அந்த வீட்டில் நான் உலை வைத்து இருபது நாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுப்பதை என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். பாக்கியம் கரைத்துக் கொடுத்த கஞ்சியில் இரண்டு மடக்கு குடித்திருப்பேன். அப்புறம் காப்பித் தண்ணீரில் காலம் ஓடியது. ஆனாலும் வீட்டுக்கு வந்த மனுஷன் பசிக்கிறது என்கிறார். எழுந்தேன். விறகு ஈரமாக இருந்தது, ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. அரிசி களைந்து போட்டேன். புளியைக் கரைத்து ஒரு ரசம் வைத்தேன். இரண்டு அப்பளம் சுட்டேன். தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

சாப்பிட்டார். இன்னொரு தட்டு கேட்டார். அதையும் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது தட்டுக்கும் சோற்றை வாங்கினார். துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், அறுப்புக் காலத்து ஆள் மாதிரி தின்றார். நான் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரசத்துல உப்பு பத்தல" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ. "மூணு தட்டு தின்னுட்டுச் சொல்றீங்களா?"

"மொதத் தட்டுலயே தெரிஞ்சுச்சு. சொன்னா வருத்தப்படுவியேன்னு பாத்தேன்."

"எல்லாம் சரியாத்தான் போட்டேன்."

"போடல தாயி."

போட்டேனா இல்லையா என்று பார்க்க, ஒரு கரண்டி ரசத்தைக் கையில் ஊற்றி வாயில் வைத்தேன். உப்பு போடவே இல்லை. உப்பு ஜாடியை எடுத்து, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, திரும்ப வாயில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. போட்டேன். பானையில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி ஒரு தட்டில் போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்பளம் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டையும் அவரே தின்றிருந்தார்.

அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

பொழுது சாய லாரியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் வந்தார். அடுப்பில் தணல் கிடப்பதைப் பார்த்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை.

"எனக்கு?" என்றார்.

"கையக் கழுவிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அரிசி எடுக்கப் போனேன்.